அப்பாவின் எலும்பு வலிக்குச் சமாரியம் ஊசி போடலாமா?

கேள்வி: மருத்துவர் அவர்களுக்கு வணக்கம். என் அப்பாவுக்கு வயது 71, எடை 58 கிலோ. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு புராஸ்டேட் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, விரைகளை அகற்றும் அறுவை சிகிச்சை செய்தார்கள். இப்போது பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றுநோயின் போக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு மறுபடியும் ஏறுகிறது. போன் ஸ்கேனில் முதுகெலும்பு, விலா, இடுப்பெலும்பு, வலது தொடை எனப் பல இடங்களில் பரவியிருப்பதாக வந்திருக்கிறது. இடுப்பில் ஒரு நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். அங்கே வலி குறைந்தது. ஆனால் மற்ற இடங்களில் மாறி மாறி வலிக்கிறது. மார்ஃபின் மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது சமாரியம் என்ற கதிரியக்க ஊசி போடலாம் என்கிறார்கள். இதனால் நோய் குணமாகுமா? மார்ஃபினை நிறுத்திவிடலாமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் கர்ப்பமாக இருக்கும் என் தம்பி மனைவியும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆபத்து உண்டா? ரேடியம், லுட்டீசியம் என்றும் சொல்கிறார்களே, அவை இதைவிட நல்லவையா? ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4, பிளேட்லெட் 1,40,000, கிரியாட்டினின் 1.2 என்று வந்திருக்கிறது. ஒரு வாரமாக நடக்கும்போது கால் பின்னுகிறது என்கிறார். மார்ஃபின் மயக்கமாக இருக்கும் என்று நினைக்கிறோம்.

— ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். ஆனால் கேள்வியாகக் கேட்காமல் கடைசி வரியில் சொல்லியிருப்பதுதான் எல்லாவற்றிலும் அவசரமானது. இந்தப் பதில் அச்சாகும் வரை அது காத்திருக்கக் கூடாது என்பதால் உங்களுக்குத் தனியாகத் தகவல் அனுப்பச் செய்தேன்; இதே நிலையில் இருக்கும் மற்றக் குடும்பங்களுக்காக இங்கே மீண்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதுகெலும்பில் புற்றுநோய் பரவியிருக்கும் ஒருவருக்குப் புதிதாகக் கால் பின்னினாலோ, பாதம் மரத்துப்போனாலோ, சிறுநீர் இறங்கச் சிரமப்பட்டாலோ, படுக்கும்போதும் இருமும்போதும் முதுகுவலி கூடினாலோ, தண்டுவடம் நசுங்கத் தொடங்கியிருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். மார்ஃபின் தூக்கத்தைத் தரும், மலச்சிக்கலைத் தரும், தலைசுற்றலையும் தரும். ஆனால் கால்களின் வலுவை மட்டும் தனியாகக் குறைக்காது. எனவே அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்று முதுகெலும்பு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். நசுங்கல் இருப்பது உறுதியானால் உடனே டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கொடுத்து, அந்த இடத்துக்குக் கதிர்வீச்சு சிகிச்சையோ அறுவை சிகிச்சையோ தாமதமின்றிச் செய்வார்கள். இன்னும் நடந்துகொண்டிருக்கும் நிலையில் சிகிச்சைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள். கால்கள் முற்றிலும் விழுந்தபின் வருபவர்களில் மீண்டும் எழுந்து நடப்பவர்கள் சிலரே. நாள்களும் மணிகளும் இதில் கணக்காகின்றன. சமாரியம் ஊசி வேலை செய்ய ஒரு வாரமாவது ஆகும். தண்டுவடத்தின் மீதுள்ள அழுத்தத்தை அது நீக்காது. இந்த ஊசிக்காகத் தேதி வாங்கிவிட்டோம் என்ற நிம்மதியில் கால் பலவீனத்தைத் தள்ளிப்போடுவதுதான் நான் அஞ்சும் விஷயம்.

வலது தொடையையும் இதனுடன் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். தொடையெலும்பு உடல் எடையைத் தாங்கும் எலும்பு. அங்கே நோய் எலும்பை அரித்திருந்தால், குளியலறையில் சற்றே திரும்பும்போதுகூட அது முறிந்துவிடலாம். ஒரு சாதாரண எக்ஸ்ரேயிலேயே இந்த அபாயத்தைப் பெருமளவு கணிக்க முடியும். முறியும் நிலையில் இருந்தால் முதலில் எலும்பு அறுவை மருத்துவர் உள்ளே கம்பி வைத்து உறுதிப்படுத்துவார். கதிர் ஊசி அதற்குப் பிறகே.

இவை இரண்டும் தெளிவான பிறகு சமாரியத்துக்கு வருவோம்.

எலும்புக்குள் குடியேறும் புற்றுநோய் அணுக்கள் அங்குள்ள எலும்பாக்க அணுக்களைத் தூண்டிவிடுகின்றன. குறிப்பாகப் புராஸ்டேட் புற்றுநோயில், நோயுள்ள இடத்தைச் சுற்றி ஒழுங்கற்ற புது எலும்பு வேகமாகப் படியும். புது எலும்பு படியும் இடம் சுண்ணாம்புச் சத்தையும் பாஸ்பேட்டையும் இழுத்துக்கொள்ளும். அந்த இயல்பைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம். சமாரியம்-153 என்னும் கதிரியக்கத் தனிமத்தை இ.டி.டி.எம்.பி. என்ற பாஸ்பனேட் சேர்மத்துடன் பிணைத்து ரத்தநாளத்தில் செலுத்தினால், நல்ல எலும்பில் சேர்வதைவிடச் சுமார் ஐந்து மடங்கு நோயுள்ள எலும்பில் சேரும். சேர்ந்த இடத்திலிருந்து அது வெளியிடும் பீட்டா கதிர்கள் சில மில்லிமீட்டர் தொலைவுக்குள் அடங்கிவிடும். முதுகெலும்பு, விலா, இடுப்பு என்று ஒரே ஊசி எல்லா இடங்களுக்கும் போய்ச் சேர்வது இதன் சிறப்பு. இந்த எண்ணம் புதியதன்று. சார்லஸ் பெச்சர் என்ற ஆராய்ச்சியாளர் கலிபோர்னியாவில் கதிரியக்க ஸ்ட்ரான்சியத்தை எலும்பில் பரவிய புற்றுநோய்க்குப் பயன்படுத்திய செய்தி 1942-லேயே வெளியாகிவிட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஸ்ட்ரான்சியம்-89 மருந்துக்கு 1993-லும், சமாரியம்-153 மருந்துக்கு 1997-லும் அனுமதி அளித்தது.

போன் ஸ்கேனுக்காகச் செலுத்தும் டெக்னீசியம் மருந்தும் இதே வழியில்தான் எலும்புக்குச் செல்கிறது. ஆகையால் ஸ்கேன் படத்தில் கறுப்பாகத் தெரியும் இடங்களே இந்த ஊசி போய்ச் சேரப்போகும் இடங்கள். என்னிடம் வரும் நோயாளியை நான் முதலில் செய்யச் சொல்வது, வலிக்கும் இடங்களை ஒரு விரலால் தொட்டுக் காட்டுவதுதான். “இங்கே, இங்கே, இருமினால் இங்கே” என்று அவர் காட்டக் காட்ட, படத்துடன் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்வேன். காட்டும் இடமும் கறுப்புப் புள்ளியும் பொருந்தினால் ஊசி பலன் தரும் என்று நம்பலாம். பொருந்தாவிட்டால் அந்த வலிக்கு வேறு காரணம் தேட வேண்டும். முதுகில் ஒரு நரம்பு அழுந்துவதால் காலுக்கு இறங்கும் வலி, வயது காரணமான மூட்டுத் தேய்மானம் ஆகியவற்றுக்குச் சமாரியம் ஒன்றும் செய்யாது. எலும்பைக் கரைக்க மட்டுமே செய்யும் மல்டிபிள் மைலோமா போன்ற நோய்களிலும் மருந்து போதிய அளவு பிடிக்காது. உங்கள் அப்பாவுக்கு எடுத்த போன் ஸ்கேன் பல மாதங்களுக்கு முந்தையது என்றால் புதிதாக ஒன்று எடுக்கச் சொல்வார்கள். அதை வீண்செலவு என்று நினைக்காதீர்கள்.

ஓரிரு இடங்களில் மட்டும் வலி இருந்தால், இடுப்புக்குச் செய்ததுபோல வெளியிலிருந்து கதிர்வீச்சு கொடுப்பதே எளிய வழி. 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே ஒரு முறை கொடுப்பது, பல நாள் பிரித்துக் கொடுப்பதற்கு இணையாக வலியைக் குறைக்கிறது என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. அதே இடத்துக்கு மறுமுறை கொடுக்க வேண்டிய தேவை மட்டும் சற்றுக் கூடுதலாக நேரும். ஆனால் வலி இன்று விலாவில், நாளை தோளில் என்று இடம் மாறும்போது ஒவ்வோர் இடத்தையும் துரத்திக்கொண்டிருக்க முடியாது. உங்கள் அப்பாவின் நிலை அதுதான். எனவே அவருடைய மருத்துவர்கள் சமாரியத்தைப் பற்றி யோசிப்பது பொருத்தமான யோசனை என்றே எனக்குப் படுகிறது.

நோய் குணமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குணமாகாது. சமாரியமும் ஸ்ட்ரான்சியமும் வலியைக் குறைப்பதற்கான மருந்துகள்; ஆயுளை நீட்டிக்கும் என்ற நம்பிக்கையில் அவற்றைப் போட்டுக்கொள்ளக் கூடாது. இதைச் சொல்லும்போது பல குடும்பங்களின் முகம் வாடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இரவு முழுவதும் உட்கார்ந்தே கழித்த ஒருவர் படுத்துத் தூங்குவதும், பிறர் தூக்கிவிடாமல் தானே எழுந்து வாசலுக்கு வருவதும் சிறிய பலன்கள் அல்ல. ஊசி போட்டுக்கொள்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு வலி குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது. முற்றிலும் நீங்குவது அவர்களிலும் ஒரு பகுதியினருக்கே. பலன் பெரும்பாலும் முதல் வாரத்தின் இறுதியில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களில் முழுமையடைந்து, இரண்டு முதல் நான்கு மாதங்கள் வரை நீடிக்கும். வலி திரும்பினால், ரத்த அணுக்கள் பழைய நிலைக்கு வந்திருக்கும் பட்சத்தில், மறுபடியும் போடலாம்.

ஒரு முன்னெச்சரிக்கை. ஊசி போட்ட இரண்டு மூன்று நாள்களுக்குள் வலி குறைவதற்குப் பதிலாகத் திடீரென்று கூடலாம். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இப்படி நேரலாம். சில நாள்களில் தானாகத் தணிந்துவிடும். இது மருந்து தவறாகப் போனதற்கான அறிகுறியன்று. ஆனால் முன்கூட்டித் தெரியாத குடும்பங்கள் நள்ளிரவில் பதறிப்போகின்றன. அந்த நாள்களுக்கென்று கூடுதலாக எத்தனை மார்ஃபின் மாத்திரை, எவ்வளவு இடைவெளியில் கொடுக்கலாம் என்பதை ஊசிக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதிலேயே உங்கள் அடுத்த கேள்விக்கும் பாதிப் பதில் இருக்கிறது. மார்ஃபினை ஊசி போட்ட அன்று நிறுத்தவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலியும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் படபடப்பும் ஒன்றாக வந்து அவரை வாட்டும். வலி குறையத் தொடங்கிய பிறகு, மருத்துவர் சொல்லும் அளவில், படிப்படியாகக் குறைக்க வேண்டும். அப்படிக் குறைக்காமல் விடுவதும் தவறு. வலிக்கு ஏற்ற அளவு மார்ஃபின், வலி போன பிறகு அதிகப்படியாகி, அவரை நாள் முழுவதும் தூங்க வைக்கலாம். இரண்டாவது மூன்றாவது வாரத்தில் அவர் அளவுக்கு மீறி அயர்ந்திருந்தால் உடனே தெரிவியுங்கள். மார்ஃபின் பழக்கமாகிவிடுமோ என்ற பயம் நம் ஊரில் இன்னும் பலமாக இருக்கிறது. புற்றுநோய் வலிக்காக மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிடுபவர்கள் போதைக்கு அடிமையாவது அரிது. வலியால் தவிப்போருக்கு இந்த மருந்து எளிதில் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 2014-ல் திருத்தப்பட்டது. அப்பா கேட்கும்போது மாத்திரையை ஒளித்துவைக்காதீர்கள். மலச்சிக்கலுக்கான மருந்தை மட்டும் ஒரு நாளும் விடாமல் உடன் கொடுங்கள்.

அடுத்து ரத்த அணுக்கள். எலும்பைத் தேடிச் செல்லும் மருந்து, எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையையும் ஓரளவு தொடவே செய்யும். வெள்ளை அணுக்களும் பிளேட்லெட்டுகளும் ஊசிக்குப் பிறகு மூன்று முதல் ஐந்து வாரங்களில் மிகக் குறைந்த நிலையை அடைந்து, பெரும்பாலோருக்கு எட்டாவது வாரத்துக்குள் மீண்டுவிடும். இரண்டாவது வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இது உங்கள் ஊரிலேயே செய்துகொள்ளக்கூடியது. காய்ச்சல், ஈறில் ரத்தக் கசிவு, தோலில் சிவப்புப் புள்ளிகள், கறுப்பு நிற மலம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் வாரப் பரிசோதனைக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்பாவின் பிளேட்லெட் 1,40,000 என்பது ஊசிக்குப் போதுமானது. நாங்கள் பொதுவாக ஒரு லட்சத்துக்கு மேல் எதிர்பார்ப்போம். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினினும் 58 கிலோ எடையுள்ள 71 வயதுக்காரருக்குத் தடையாக இராது என்று நினைக்கிறேன். மருந்தின் மீதி சிறுநீரகம் வழியாகவே வெளியேற வேண்டும் என்பதால் அதையும் கணக்கிட்டே முடிவெடுப்பார்கள். ஹீமோகுளோபின் 9.4 என்பதுதான் என்னைச் சற்று யோசிக்க வைக்கிறது. அது வெறும் சத்துக்குறைவா, நோய் மஜ்ஜையைப் பெருமளவு அடைத்துக்கொண்டதாலா என்று பார்த்த பின்பே தேதி குறிக்க வேண்டும். மஜ்ஜை அடைபட்டிருந்தால் ஊசிக்குப் பிறகு அணுக்கள் மீளாமலே போகலாம்.

அண்மையில் கீமோ மருந்து ஏதேனும் கொடுத்திருந்தால் அந்தத் தேதியையும், எலும்பை வலுப்படுத்தும் சோலெட்ரானிக் அமிலம் ஊசி போட்டிருந்தால் அந்தத் தேதியையும் கட்டாயம் சொல்லுங்கள். நாட்டு மருந்து எடுத்துக்கொண்டால் அதையும் மறைக்க வேண்டாம்.

ஊசி போடும் நாள் மிகச் சாதாரணமாகவே இருக்கும். ஒரு கிலோ எடைக்கு ஒரு மில்லிக்யூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற கணக்கில் அப்பாவுக்கு 58 மில்லிக்யூரி அளந்து, உலோகக் கவசமிட்ட சிரிஞ்சில் எடுத்து, ரத்தநாளத்தில் பொருத்திய குழாய் வழியாக ஒரு நிமிட அளவில் மெதுவாகச் செலுத்துவோம். எரிச்சலோ மயக்கமோ தெரியாது. “அவ்வளவுதானா?” என்று கேட்காத நோயாளிகள் குறைவு. குறித்த தேதியை மட்டும் மாற்றாதீர்கள். நம் நாட்டில் இந்த மருந்து மும்பை டிராம்பேயில் உள்ள அணு உலையின் துணையோடு தயாராகி, நவி மும்பையிலுள்ள கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப்பு தொழில்நுட்ப வாரியத்தின் வழியாக வருகிறது. இதன் அரை ஆயுள் 46 மணி நேரம் மட்டுமே. இரண்டு நாள் தாமதித்தால் சீசாவில் இருப்பதில் பாதிக்கும் குறைவே மிஞ்சும். கால் பலவீனம், காய்ச்சல் போன்ற மருத்துவக் காரணம் இருந்தால் தயங்காமல் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். மற்ற காரணங்களுக்காக வேண்டாம்.

அந்தக் குறுகிய ஆயுள் உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தம்பி மனைவிக்கும் சாதகமானது. உடலில் தங்கிய கதிரியக்கமும் ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகி, இரண்டு வாரங்களில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். எலும்பில் பிடிக்காத மருந்து முதல் அரை நாளுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடுவதால், அந்த நேரத்தை மருத்துவமனையிலேயே கழிக்கச் செய்வது வழக்கம். ஊசிக்கு முன்னும் பின்னும் நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். வீட்டுக்கு வந்த முதல் சில நாள்கள் அப்பா உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும். தரையில் தெறிக்காமல் இருப்பதற்காகவே இது. ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சிறுநீர் பட்ட வேட்டியைத் தனியாகத் துவையுங்கள். அதைக் கையாள்பவர் கையுறை அணியட்டும், கர்ப்பிணி அந்த வேலையைச் செய்யவே வேண்டாம். உங்களுடையது இந்தியக் கழிப்பறை என்றால் ஒரு கமோடு நாற்காலி வாங்கிவிடுங்கள். தொடையில் வலியுள்ளவருக்கு அது எப்படியும் தேவை. குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதையும் அருகில் படுக்க வைப்பதையும் முதல் சில நாள்கள் தவிர்க்க வேண்டும். எத்தனை நாள் என்பதை மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் அளவெடுத்துப் பார்த்து எழுதித் தருவார். அந்தத் தாளில் உள்ளதே உங்களுக்கு விதி. அதற்காக அவரைத் தனியறையில் அடைத்துவைத்துச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட வேண்டிய தேவை இல்லை. அருகில் நின்று பேசலாம், மருந்து கொடுக்கலாம், கைத்தாங்கலாக அழைத்துப் போகலாம். தம்பி மனைவியால் தாய்வீட்டில் ஒரு வாரம் இருக்க முடியுமானால் எல்லோருக்கும் மனநிம்மதி. முடியாவிட்டாலும் இந்த ஒழுங்குகளைக் கடைப்பிடித்தால் போதும்.

ரேடியம்-223 வேறு வகையைச் சேர்ந்தது. அது ஆல்பா கதிர்களை வெளியிடும். அவை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது என்பதால் மஜ்ஜைக்குத் தொல்லை குறைவு. 921 பேரிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், ரேடியம் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்த காலம்) 14.9 மாதங்களாகவும் பெறாதவர்களுடையது 11.3 மாதங்களாகவும் இருந்தது. விரை நீக்கத்துக்குப் பிறகும் பி.எஸ்.ஏ. ஏறும், எலும்பில் மட்டும் பரவிய, ஈரல் நுரையீரல் போன்ற உறுப்புகளுக்குப் பரவாத புராஸ்டேட் புற்றுநோய்க்கு மட்டுமே அது உரியது. நான்கு வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசிகள் போட வேண்டும், செலவும் மிக அதிகம். புராஸ்டேட் புற்றுநோய்க்கான அபிராட்டிரோன் மாத்திரையுடன் சேர்த்துக் கொடுத்தபோது எலும்பு முறிவுகள் கூடியதால், அந்தச் சேர்க்கையைத் தவிர்க்கிறோம்.

லுட்டீசியம் விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. லுட்டீசியம்-177 எதனுடன் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இ.டி.டி.எம்.பி.யுடன் சேர்ந்தால் அது சமாரியத்தைப் போன்ற எலும்பு வலி மருந்து; அரை ஆயுள் மட்டும் ஏறத்தாழ ஏழு நாள். புராஸ்டேட் புற்றுநோய் அணுக்களின் மேற்பரப்பில் மிகுதியாக இருக்கும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைத் தேடிச் செல்லும் மூலக்கூறுடன் சேர்ந்தால் அது புற்றுநோய் அணுவையே தாக்கும் சிகிச்சை. எலும்பில் இருந்தாலும் வேறெங்கே இருந்தாலும் போய்ச் சேரும். 831 பேரிடம் நடத்தி 2021-ல் வெளியான ஆய்வில் இதைப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 15.3 மாதங்கள், மற்றவர்களுக்கு 11.3 மாதங்கள். முதலில் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுத்து, நோய் அந்த மருந்தைப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் அப்பாவின் பி.எஸ்.ஏ. ஏறிக்கொண்டிருப்பதால், சமாரியத்துக்கு முன்பே இந்தப் பேச்சை உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் எடுத்துவிடுவது நல்லது. சமாரியத்தால் மஜ்ஜை தளர்ந்துவிட்டால், பின்னால் இதைக் கொடுப்பதற்குச் சில மாதங்கள் காத்திருக்க நேரலாம். எதை முதலில் கொடுப்பது என்பது அப்பாவின் மஜ்ஜையின் வலு, மாத்திரைகளில் இன்னும் மிச்சமிருக்கும் வாய்ப்புகள், குடும்பத்தின் செலவுத் திறன் ஆகிய மூன்றையும் பொறுத்தது.

அப்பாவுக்குத் தம் நோய் எந்த அளவு தெரியும் என்று நீங்கள் எழுதவில்லை. பெயரைச் சொல்லாமலே வைத்திருக்கும் வீடுகள் பல உண்டு என்பதை அறிவேன். ஆனால் கதிரியக்க ஊசியை மறைத்துப் போட முடியாது. பேத்தியையோ பேரனையோ சில நாள் மடியில் வைக்கக் கூடாது என்றால் ஏன் என்று அவர் கேட்பார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவரும் அவரே. ஆகவே அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போகாதீர்கள். எந்த நேரத்தில் வலி தாங்க முடியவில்லை, வலி குறைந்தால் முதலில் எதைச் செய்ய விரும்புகிறார் என்பதை அவரே சொல்லட்டும். சமாரியமா, மீண்டும் கரண்ட் வைப்பதா, மார்ஃபின் அளவைக் கூட்டுவதா என்று மருத்துவர் அதைக் கேட்ட பிறகே முடிவு செய்யட்டும்.